அத்தானின் முட்டிவலி

அத்தான் இறந்த அன்று வந்தவர்கள் எல்லோரும் அவருடைய வீரத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. என் அக்காவின் கணவர் எல்லையில் எதிரிக்கு அஞ்சாதவராக இருந்திருக்கலாம். வீட்டில், அக்கா தொண்டையைச் செருமினாலே எழுந்து நிற்பார். வீட்டில் எலி, வெளியில் புலி. அதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

பட்டாளத்தில் காலாட்படை. மலை, மணல், பனி எல்லாவற்றையும் நடந்தே தீர்த்துவிட்டு வந்தவருக்கு, ஓய்வுக்குப் பிறகு ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் வேலை கிடைத்தது. "அப்ப நடந்ததுக்குச் சம்பளம், இப்ப நிக்கிறதுக்குச் சம்பளம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள எல்லோருடைய ஷூவையும் வரிசையாக வைத்து பாலிஷ் போடுவார். ரப்பர் செருப்பையும் விட்டுவைக்கமாட்டார். பிள்ளைகளுக்கு மானம் போகும்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தினமும் நடக்காவிட்டால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அசையவில்லை. அத்தான் தெரிந்த வித்தையைக் காட்டினார். கட்டிலருகே விறைப்பாக நின்று, "லெப்ட், ரைட்!" என்றார்.

"யாருக்கு ஆர்டர் போடுறீங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தான் சமையலறைக்குப் போய் அழுதார்.

மறுநாள் காலையில் அவர் நொண்டினார்.

"முட்டி போச்சுடி. வாசலுக்குக்கூடப் போக முடியல. கொஞ்சம் கையப் பிடிச்சாத் தேவல."

பிள்ளைகள் ஓடிவந்தார்கள். துரத்திவிட்டார். "ஊரெல்லாம் நடந்தீங்களே, இந்த முட்டியப் பாத்து வச்சுக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்தபடி அக்கா எழுந்தாள். கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கடைசியில் அவரைப் பிடித்து வாசலுக்குப் போனாள். சில மாதங்களில் இருவரும் தெருமுனைவரை போய்வந்தார்கள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். அத்தானுக்கு நொண்டவே வரவில்லை. போகும்போது இடது கால், திரும்பும்போது வலது கால். தாளம் மட்டும் பிசகாது, அணிவகுப்பில் நொண்டுவதுபோல. வங்கியில் எப்படி நிற்கிறார் என்று அக்கா கேட்டால், "நின்னா வலிக்காது, நடந்தாத்தான்" என்று ஒரு வியாக்கியானம் வேறு.

ஒருநாள் வங்கிக்குப் போனேன். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டிவிட்டு அத்தான் தொப்பென்று கீழே குதித்தார். என்னைக் கண்டதும் ஓரமாக இழுத்தார்.

"மாப்ள, வெளிய மூச்சு விட்டே, சுட்டுருவேன்."

"துப்பாக்கில குண்டு இருக்கா அத்தான்?"

"இல்ல. அதையும் சொல்லிராத."

அப்படியே சாகும்வரை நொண்டினார். மகள் கைத்தடி வாங்கித் தந்தாள், வாங்கிக்கொண்டார். பேரப்பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடக் கூப்பிட்டால், கையைப் பிசைந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பொறுக்காது. வாழ்நாளில் அந்த மனிதருக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வித்தை நடை.

அவர் போனதும் அக்கா மறுபடி படுத்துவிட்டாள். "அவருக்காகத்தானே நடந்தேன். இனி யாரைப் பிடிச்சு நடக்க?" என்றாள். மகள் கெஞ்சினாள். டாக்டர் மிரட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை வருஷம் அவர் நொண்டியது வீணா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போட்டு உடைத்துவிட்டேன்.

"அத்தானுக்கு முட்டில ஒண்ணுமே இல்லக்கா. உன்ன எழுப்பத்தான் நொண்டினாரு."

அக்கா என்னையே பார்த்தாள். "பொய்யா?"

"பொய்தான்."

"இத்தன வருஷம் தைலம் தேச்சேனேடா!"

எழுந்தாள். யாரையும் பிடிக்கவில்லை, சுவரையும் பிடிக்கவில்லை. தடுமாறிக்கொண்டே கூடத்துக்குப் போய், சீருடையில் சிரித்துக்கொண்டிருந்த அவருடைய போட்டோவுக்கு முன்னால் நின்றாள். "நல்ல கால வச்சுக்கிட்டா என் தோள்ல சாஞ்சீங்க?" என்று கத்தினாள். பாதியில் குரல் உடைந்தது. ஆனாலும் விடவில்லை.

மறுநாள் காலையிலும் எழுந்து வந்தாள், மிச்சத்தைத் திட்ட.