பல் டாக்டரின் கார்புரேட்டர்

"கொஞ்சமா வலிக்கும், பொறுத்துக்கோ" என்று கார்புரேட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் என் மாப்பிள்ளை அதைக் கழற்றுவார். தொழில் பல் வைத்தியம். ஞாயிறு காலையானால் வண்டிக் கொட்டகையே கிளினிக்: நெற்றியில் விளக்கு, கையில் உறை, மூக்கு வரை முகமூடி. முகமூடி பெட்ரோல் நெடிக்காக இல்லை. தன் எச்சில் கார்புரேட்டரில் தெறித்துவிடக் கூடாதாம்.

மோட்டார் சைக்கிள் அவரைவிட வயதில் மூத்தது. உதைத்தால் கிளம்பும், கம்பீரமாகப் போகும், சிவப்பு விளக்கைக் கண்டதும் மயங்கி விழும். ஆபீஸ் உடையில் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி என் மகளுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, வண்டி தள்ற ஆளாங்க? வர்ற ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வண்டிய வாங்கறதுக்கு ஆள் வர்றார். அதுக்குள்ள நின்ன இடத்துல அணையாம ஓடட்டும். இல்லைன்னா குடுத்துடுவேன்."

மாப்பிள்ளை சோறு தண்ணீர் மறந்தார். கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு. அதன் நடுவில் ஊசிமுனைத் துளை. எஞ்சினுக்குப் பெட்ரோல் அதன் வழியாகத்தான் கசிய வேண்டும். பல் குடையும் எஃகு ஊசியால் அதை வாராவாரம் குடைந்தவர், இப்போது தினமும் குடைந்து தள்ளினார். "அழுக்கும் சொத்தையும் ஒண்ணுதான் அத்தை. துளி விட்டாலும் பரவிடும்."

சுத்தம் கூடக் கூடப் புகை கறுத்தது. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகள் துக்கம் விசாரிக்கப் போகிறவை போல ஆயின. மதில்மேல் இருந்த காக்கை, தன் பங்காளி வருகிறான் என்று புகையைப் பார்த்துக் குரல் கொடுத்ததை நானே கண்ணால் கண்டேன்.

கெடு நாளன்று காலை, எதற்கும் இருக்கட்டும் என்று புது ஜெட் ஒன்று வாங்கி வந்தார். இரண்டையும் நெற்றி விளக்கின் முன் பிடித்தவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, இதைப் பாருங்க."

புதியதில் கடுகளவு வெளிச்சம். பழையதில் எதிர் வீட்டுக்காரர் சவரம் செய்துகொள்வது தெரிந்தது.

"பல்லுல சொத்தைய எடுத்தா அடைச்சுடுவேன். இதுல எடுத்துக்கிட்டே இருந்திருக்கேன், ஓட்டை பெருசாகி பெட்ரோல் கொட்டியிருக்கு" என்றார்.

"வண்டிக்கு வாய் இருந்தா அப்பவே கத்தியிருக்கும், மாப்பிள்ளை."

சிரிக்கக் கூட நேரமில்லை அவருக்கு. புது ஜெட்டை ஊசி படாமல் மாட்டினார். காற்றை அளக்கும் திருகை முழுக்க உள்ளே முடுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். எஞ்சினை உதைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மயிரிழை இடப்பக்கம், செருமியது. மயிரிழை வலப்பக்கம், செருமல் அடங்கியது. புகை வெளுத்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

சாயந்திரம் வாங்க வந்தவர், நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "சீக்கு வண்டின்னாங்க, கடிகாரம் மாதிரி ஓடுதே டாக்டர். இப்பவே எடுத்துக்கறேன்."

மாப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை நன்றாக ஓடினால் இப்படியும் ஒரு வில்லங்கம் வரும் என்று அவர் எண்ணவில்லை.

மாற்றுச் சாவியோடு படியிறங்கி வந்த என் மகள், வண்டி அணையட்டும் என்று நின்றாள். அது அணைகிற வழியாக இல்லை. வந்தவர் சாவிக்குக் கை நீட்டினார். அவள் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்து மூடினாள்.