நிறுத்திப் பார்க்க முடிந்த படம்

கொடைக்கானல் மலையில், செண்பகனூரில் எங்கள் வீட்டின் முன்னறையில் நானும் என் கணவரும் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை நடத்தி வந்தோம். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்க்காமல் போக மாட்டார்கள். பக்கத்தில் வேறு கடை இல்லாததால் தொழிலில் போட்டி இல்லை. எங்களுக்கு இருந்த ஒரே எதிரி பூஞ்சணம்.

ஐப்பசி பிறந்து மூடுபனி இறங்கிவிட்டால் கேசட்டுகளுக்குக் கெட்ட காலம். கேசட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் அரிசி மாவைத் தூவியது போல வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அப்படியே கேசட் ஓட்டும் டெக்கில் போட்டால், நாடாவிலிருந்து படத்தை எடுக்கும் ஹெட் கெடும். அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். கேசட் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை அணைக்காமல் எரியவிட்டிருந்தோம். வீட்டில் துவைத்த துணி நாள் கணக்கில் ஈரமாகக் கிடக்கும், கேசட்டுகள் மட்டும் கதகதப்பாக இருக்கும். அதற்கும் மிஞ்சிப் பூத்தவற்றை என் கணவர் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைப்பார். அவருக்கு அந்த வேலை பிடிக்கும். எனக்கு அலுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் விசிடி வந்தது. வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். வத்தலக்குண்டுக்குப் போய் ஒரு பிளேயர் வாங்கி வந்து, ஒரே படத்தைக் கேசட்டிலும் விசிடியிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். விசிடியில் மழை பெய்தால் மழை கட்டம் கட்டமாக உடைந்தது. கூட்டத்தில் ஆள் ஓடினால் அவன் முகம் சிறுசிறு சதுரங்களாகப் போயிற்று. கதை சூடு பிடிக்கும் இடத்தில் எழுந்துபோய் இரண்டாவது தட்டைப் போட வேண்டும். நல்ல கேசட் இதைவிட மேல் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லியும் விட்டேன்.

என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நான் அப்பவே சொன்னேன்ல. கேசட்ட அடிச்சிக்க ஒண்ணும் வராது."

"இது வேணாம்னுதான் சொன்னேன். ஒண்ணுமே வராதுன்னு சொல்லல," என்றேன்.

மதுரையில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் டிவிடி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முழுப் படமும் ஒரே தட்டில் இருந்தது. மழை மழையாகவே பெய்தது. கடைக்காரர் படத்தை ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினார்; சுவரில் மாட்டிய போட்டோ மாதிரி அசையாமல் நின்றது. கேசட்டை நிறுத்தினால் படம் நடுங்கும், குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். நாடா தேய்ந்துவிடும் என்று என் கணவர் அதையும் அதிக நேரம் விட மாட்டார். ஊருக்கு வரும்போது டிவிடி பிளேயர் என் மடியில் இருந்தது.

"நேத்து விசிடி, இன்னைக்கு இது. நாளைக்கு ஒருத்தன் வேற ஒண்ண விப்பான். எத்தன தடவ மாத்துவ?" என்று கேட்டார்.

"பூஞ்சணம் துடைக்கிற சோலி இல்லாத ஒண்ணு வர்ற வரைக்கும்," என்றேன்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் எங்கள் கடையில் அவருடைய பக்கம், என்னுடைய பக்கம் என்று இரண்டு அலமாரிகள் இருந்தன.

இதற்கு நடுவில்தான் பூண்டி அக்காவின் கேசட் கெட்டுப்போனது.

மலையில் பூண்டி கிராமத்திலிருந்து வருவதால் பூண்டி அக்கா என்று நாங்கள் கூப்பிட்டாலும் அவர் பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில். சின்ன வயதில் பெற்றோருடன் இங்கே அனுப்பப்பட்டு, மலையில் காரட்டும் பூண்டும் விளையும் காடுகளில் கூலி வேலை செய்து, கல்யாணம் கட்டி, கணவரை இழந்து, ஒரு மகனை ஆளாக்கியவர். இன்றைக்கும் ரொட்டியைப் பாண் என்றுதான் சொல்வார். அவருடைய அண்ணன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அந்த அண்ணனின் மகள் கல்யாணத்தை யாரோ கேசட்டில் பிடித்து, பழனிக்குச் சாமி கும்பிட வந்த சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அக்காவிடம் டிவியும் இல்லை, டெக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது கேசட்டை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டுப் பார்ப்பார்.

கல்யாணத்தின் நடுவில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடி நேராக கேமராவைப் பார்த்துப் பேசுவார். "தங்கச்சி, நாங்க எல்லாரும் சொகமா இருக்கோம். நீ வராதது ஒண்ணுதான் கொற. மகனப் படிக்க வையி." அவ்வளவுதான். அந்த இடம் வந்ததும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். பிறகு, "சரி தாயி, பஸ் போயிரும்," என்று எழுந்துவிடுவார்.

ஒரு மழைக்காலம் முழுக்க அவர் வரவில்லை. தை மாதம் கேசட்டோடு வந்தபோது அதன் சுருள் இரண்டும் வெள்ளையாகியிருந்தன. கூரை ஒழுகிப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது.

என் கணவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஓடாதுக்கா. போட்டா டெக்கும் போயிரும்," என்றார்.

அக்கா கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் நடுவில் புகுந்து அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு தடவ ஓடுனா போதும்ல? அந்த ஒரு தடவையில டிவிடிக்கு மாத்திரலாம்."

"ஓடணும்ல," என்றார் என் கணவர்.

"நீங்க துடைச்சா ஓடும்."

அது அவரைக் குளிர்விக்கச் சொன்னதல்ல. இந்த மலையில் அதைச் செய்ய வேறு யாரும் கிடையாது. அவருக்கும் அது தெரியும். மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்ததும் சன்னலோரம் உட்கார்ந்து கேசட்டைத் திருகாணி கழற்றிப் பிரித்தார். நாடாவை வேறொரு நல்ல கேசட் கூட்டுக்கு மாற்றி, மெல்லிய துணிக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்திக் கையாலேயே சுற்றினார். நான் துணியை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். வெளியே வெயில் இருந்த நேரங்களில் மட்டும் செய்ததால் வேலை அந்த வாரம் முழுக்க இழுத்தது. முடிந்ததும், "அங்கங்க நாடாவே பொடியா உதிருது. ரெண்டாந்தடவ தாங்காது," என்றார்.

கேசட்டை டிவிடியாக மாற்றும் வசதி வத்தலக்குண்டில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் இருந்தது. எங்கள் டெக்கையும் எடுத்துக்கொண்டு அக்காவோடு மூன்று பேரும் முதல் பஸ்ஸில் வெள்ளனே இறங்கினோம். ஸ்டுடியோக்காரர் எங்களை உட்காரவைத்து, "கவலப்படாதீங்க, படம் கண்ணாடி மாதிரி வந்துரும்," என்றார். வராது என்று எனக்குத் தெரியும். கேசட்டில் இல்லாத தெளிவைத் தட்டு எங்கிருந்து கொண்டுவரும்? அக்கா முன்னால் எதற்கு என்று பேசாமல் இருந்தேன்.

டெக் ஓடத் தொடங்கியது. என் கணவர் அதன் பக்கத்திலேயே நின்றார். படத்தில் கோடுகள் ஓடின, அங்கங்கே ஆடியது, ஆனால் வந்தது. மேளம் வந்தது, தாலி கட்டு வந்தது. அண்ணன் வந்து பேசி முடித்தார். பந்தியில் இலை போடுகிற இடத்தில் டெக் ஒரு மாதிரி முனகியது. என் கணவர் பாய்ந்து நிறுத்தினார். உள்ளே நாடா சிக்கிக் கசங்கி அறுந்திருந்தது.

"அதுக்கு மேல என்ன இருந்துச்சு?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார்.

"சாப்பாடுதான் தம்பி," என்றார் அக்கா. "அத நான் சாப்பிட்டதா நெனச்சுக்கிறேன்."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் டிவிடியைப் போட்டோம். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பிடியேதான தாயி இருக்கு?" என்றார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். படம் முன்பு இருந்ததுபோலத்தான் இருந்தது, சில இடங்களில் அதைவிட மோசமாகவும் இருந்தது. "ஆமாக்கா. ஆனா இனிமே பூஞ்சணம் தின்னாது," என்றேன்.

அண்ணன் பேசும் இடம் வந்தது. "செத்த நிறுத்து தம்பி, மொகத்தப் பாக்கணும்," என்றார் அக்கா.

கேசட் காலத்தில் இப்படிக் கேட்டால் என் கணவர் நாடாவுக்குப் பயந்து உடனே ஓட்டிவிடுவார். இப்போது ரிமோட்டை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தார். படம் அசையாமல் நின்றது. அக்கா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் தரையில் உட்கார்ந்தார். முதலில் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையை, பிறகு மடியில் இருந்த கையை, பிறகு வேட்டியை. அங்கேயே அவர் பார்வை நின்றுவிட்டது.

"தாயி, இங்க வா. ஒத்தக் கால்தான தெரியுது?"

போய்ப் பார்த்தேன். மங்கலான படம்தான். வேட்டிக்குக் கீழே ஒரு பக்கம் செருப்புப் போட்ட பாதம் இருந்தது. மறுபக்கம் வேட்டி தட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"மடிச்சு உக்காந்திருப்பாருக்கா," என்றார் என் கணவர். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

ரிமோட்டை நான் வாங்கிக்கொண்டேன். பின்னால் போய் மெதுவாக ஓட்டினோம். பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழும்போது எல்லாப் பெரியவர்களும் எழுந்து நின்றார்கள். அண்ணன் மட்டும் உட்கார்ந்தபடியே குனிந்து விபூதி வைத்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி, கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு பையன்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காட்சியை நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். கல்யாண வீட்டுக் கூத்து என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம்.

அக்கா அழவில்லை. "டெலிபோன் போடணும்," என்றார்.

லயத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றின் நம்பர் அவரிடம் இருந்தது. பூத்துக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் ஆள் அனுப்பி, கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடச் சொன்னார். மறுபடி கூப்பிட்டபோது அண்ணனே எடுத்தார். பூத்து சின்னது, அவர் பேசியதும் எனக்குக் கேட்டது.

"அண்ணே, கால் என்னாச்சு?"

"யாரு சொன்னா?" என்றார் அண்ணன்.

"யாரும் சொல்லல. டிவில பாத்தேன்."

"நல்லாப் பாத்தியா? தெரியாதபடிதான பிடிக்கச் சொன்னேன்."

அக்கா அங்கேயே அவரைத் திட்டத் தொடங்கினார். அந்தத் திட்டில் நான் அறியாத தோட்டத்துச் சொற்கள் பல இருந்தன. திட்டி முடித்துப் போனை வைத்த பிறகுதான் உடைந்து அழுதார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, "பாஸ்போர்ட் எப்பிடி எடுக்கிறது?" என்று கேட்டார்.

இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. மகன் கூடமாட அலைந்து எல்லாம் எடுத்துக் கொடுத்தான். அடுத்த காரட் அறுவடை முடிந்ததும் அக்கா திருச்சியிலிருந்து விமானம் ஏறினார். இந்த மலைக்கு வந்த பிறகு திண்டுக்கல்லைத் தாண்டியிராத பெண்மணி, ஒற்றைப் பையோடு தனியாகப் போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்ததும் நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தார். அண்ணன் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு சரிவில் உருண்டு, காயம் புரையோடி, காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். கல்யாணத்துக்கு முந்தைய வருசமே நடந்தது. இப்போது லயத்து முனையில் சின்னதாகக் கடை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஏண்ணே மறச்சேன்னு கேட்டேன். நீ கெடந்து வருத்தப்படுவ, வரவும் முடியாதுன்னாரு. வந்துட்டேன்ல, இப்ப என்ன சொல்றேன்னேன்." அக்கா சிரித்தார். "பந்தியில என்ன போட்டீகன்னும் கேட்டுக்கிட்டேன். கோழிதானாம்."

அந்த வருடமே என் கணவர் தன் அலமாரியைக் காலி செய்தார். வாடிக்கையாளர்கள் தங்கள் கல்யாண கேசட்டுகளை எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அவர் துடைத்துக் கொடுப்பார், நான் வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய் மாற்றி வருவேன். படம் மெருகேறும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கெடாமல் இருக்கும், வேண்டிய இடத்துக்கு உடனே போகலாம், நிறுத்தி வைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்வேன். வந்தவர்களில் யாரும் வருத்தப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

சில வருடங்கள் கழித்து டிவிடியைவிடத் தெளிவான புளூரே தட்டு வந்தது. இந்த முறை மதுரைக்குப் போய் மயங்கி வந்தவர் என் கணவர். "தலமுடி ஒண்ணொண்ணா தெரியுதும்மா. வெரசா வாங்கிப்போட்டா மலையில நாமதான் மொதல்."

நான் எங்கள் கடை டிவியைக் காட்டினேன். பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பழைய பெட்டி டிவி. ஊரில் பாதிப் பேர் வீட்டில் இருந்ததும் அதுதான். "இதுல போட்டா தலமுடி தெரியுமா?"

"டிவியும் மாத்தணும்," என்றார்.

"அப்ப டிவிய மாத்துனவுங்க கேக்கட்டும். அன்னைக்கு வாங்குவோம்."

அவர் முணுமுணுத்தபடி போனார். மறுநாள் ஏரிப் பக்கம் காட்டேஜ் வைத்திருப்பவர் ஒருவர் அதே கேள்வியோடு கடைக்கு வந்தார். விருந்தாளிகளுக்காக புளூரே பிளேயர் வாங்கலாமா, வேண்டாமா? அவர் அறைகளில் எவ்வளவு பெரிய டிவி இருக்கிறது, வருகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்களா டிவியைப் பார்ப்பார்களா என்று விசாரித்தேன். பிறகு வேண்டாம் என்று சொல்லி, டிவிடி பிளேயர்களையே நல்லதாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். உள்ளே இருந்து என் கணவர் இருமினார். காட்டேஜ்காரர் தலையாட்டிவிட்டு, அறைக்கு ஒன்று வீதம் டிவிடி பிளேயர் எங்களையே வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.