பூஜையில் வைத்த கோடாரி

என் அப்பா அய்யனார் ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் கவிழ்ந்த விமானத்துக்குள் மாட்டிக்கொண்ட ஆளை நாற்பது வினாடியில் வெளியே எடுக்க அவருக்குத் தெரியும். பழகி வைத்திருந்தார்.

நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் அள்ளியவர். கான்ட்ராக்ட் முடிந்ததும் தென்மணி தெளிப்புக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனி ஒற்றை ஆள் ஓட்டும் சின்ன விமானம் ஒன்றை வைத்து, மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துக் கரும்புக்கு மருந்து தெளித்தது. முத்தாண்டிக்குப்பம் சாலையை ஒட்டி, முந்திரிக்காட்டின் ஓரத்தில் செம்மண்ணைச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டிருந்தார்கள். விமானம் விழுந்தால் பைலட்டை மீட்பது அப்பாவின் வேலை; அதற்காக அவர் பொறுப்பில் இருந்தவை ஒரு கோடாரி, இருக்கை வாரை அறுக்கும் கத்தி, நான்கு வாளி மணல்.

கற்றுக்கொடுத்தவர் பைலட் வேணு. மதராஸ்காரர். விமானத்தின் பக்கத்தில் அப்பாவை நிறுத்திச் சொன்னார்:

"எஞ்சின் நின்னா எனக்கு ஒரு நிமிஷம்கூட இருக்காது, அய்யனார். பெட்ரோலை மூடுவேன், சுவிட்சை அணைப்பேன், வாரை இறுக்குவேன். தரையைத் தொடறதுக்கு முன்னாடியே கதவைத் திறந்து இடுக்குல செருப்பைச் சொருகிடுவேன். விழுந்த வேகத்துல கதவுச் சட்டம் வளைஞ்சுட்டா அப்புறம் திறக்காது. அதுக்கு மேல உங்க கையிலதான்."

அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பேக்கிங் பெட்டிப் பலகைகளை அடித்து, வீட்டுக்குப் பின்னால் பைலட் அறை ஒன்று செய்தார். அம்மாவை உள்ளே உட்காரவைத்துப் பழைய சேலையால் கட்டினார். பிறகு பெட்டியைக் கவிழ்த்தார்.

"ஏன்யா, என்னக் கவுத்துப் போட்டுப் பாக்கணும்னு இத்தினி வருசமா காத்துக்கினு இருந்தியா?"

"பேசாத சாமியம்மா. பைலட்டு மயக்கமா இருக்காரு."

"மயக்கமா? ஒலையில அரிசி கெடக்குது, வுடுய்யா."

கவிழ்ந்தால் ஆளின் பாரம் முழுவதும் வாரில் தொங்கும்; கொக்கி கழலாது. முதலில் தோளைக் கொடுத்து ஆளைத் தாங்க வேண்டும். பிறகுதான் வார். புகையில் பார்வை இருக்காது என்பதால் கண்ணை மூடிக்கொண்டே பழகினார். நான் கையில் கடிகாரத்துடன் நின்றேன். அம்மாவோடு சேர்ந்து சிரித்தேன்.

1964 ஆயுத பூஜை. சூப்பர்வைசர் கொளஞ்சிநாதன் எல்லாக் கருவிகளையும் கொட்டகையில் படைக்கச் சொன்னார். பூஜையில் வைத்ததை மறுநாள் நல்ல நேரத்தில் மறுபூஜை போடும்வரை யாரும் தொடக்கூடாது. கொட்டகையைப் பூட்டிச் சாவியை அவர் எடுத்துப்போவார். அது வழக்கம். ஆனால் விமானம் மட்டும் மறுநாள் காலை ஆறு மணிக்கே பறக்க வேண்டும், கரும்புக்காரர் அவசரப்படுத்தினார்.

அப்பா கேட்டார்: "பிளேன எடுக்கலாம், கோடாரிய எடுக்கக் கூடாதுங்களா சார்?"

"பிளேன் சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கிட்டா முடிஞ்சுது. கோடாரி ஒன்பதே காலுக்குத்தான். சாமி விஷயத்துல உன் பைலட் படிப்பைக் காட்டாதய்யா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"நீ டிப்ளமா படிச்சவன். இங்கிலீசுல ரெண்டு வார்த்த சொன்னா கேப்பாரு. கொட்டாய மட்டும் தொறந்து வெக்கச் சொல்லு."

போனேன். மெக்கானிக் வேலைக்கு நான் எழுதிய மனு கொளஞ்சிநாதனின் மேசையில் இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவரே பேசினார். "உன் விஷயத்தை மேல சொல்லியிருக்கேன் தம்பி. பர்மனென்ட்தான்." ஒரு கை பொரி கொடுத்தார். அங்கேயே நின்று தின்றேன். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"சொல்லிட்டேம்பா. காலையில திறந்து வெப்பாரு."

அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் நடந்ததை வேணு சொல்லித்தான் தெரியும். விமானம் தரையை விட்டதும் எஞ்சின் நின்றது. முந்திரி மரங்களுக்குள் இறங்கிக் கவிழ்ந்தது. அப்பா ஓடுவதை, வாரில் தலைகீழாகத் தொங்கியபடி வேணு பார்த்தார். விமானத்தை நோக்கி அல்ல, கொட்டகையை நோக்கி. திறந்திருக்கும் என்று நான் சொல்லியிருந்தேனே. பூட்டைப் பிடித்து உலுக்கிவிட்டு, வெறுங்கையோடு விமானத்துக்கு ஓடிவந்தார்.

வேணு எதையும் தவறவிடவில்லை. கதவிடுக்கில் செருப்புகூட இருந்தது. ஆனால் ஒரு முந்திரிக் கிளை கதவை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. அப்பா கல்லால் முன்கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்தார். கத்தி இல்லை. தோளைக் கொடுத்து வேணுவைத் தூக்கி, பாரம் தளர்ந்ததும் கொக்கியைத் தடவிக் கழற்றினார். அவரை முதலில் வெளியே தள்ளினார். பெட்ரோல் பற்றியபோது அப்பா பாதிதான் வெளியே வந்திருந்தார்.

ஓடுபாதை முனையிலிருந்து கொட்டகைக்குப் போய்த் திரும்ப ஒன்றரை நிமிடம். பிறகு நானே ஓடிப் பார்த்தேன். மூன்று முறை. ஒன்றரை நிமிடம்தான்.

ஒன்பதே காலுக்குக் கொளஞ்சிநாதன் கொட்டகையைத் திறந்தார். ஆம், அன்றைக்கும். உள்ளே மாட்டியிருந்த அப்பாவின் சட்டையை எடுக்கப் போயிருந்தேன். கற்பூரம் காட்டினார்கள். கோடாரியில் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். முந்தின நாள் அப்பா தீட்டிய கூர் அப்படியே இருந்தது. யாரோ என் கையில் பொரியைத் திணித்தார்கள்.

கம்பெனி அறிக்கை ஒரு பக்கம். "உரிய கருவிகள் இன்றி அருகில் சென்றது தொழிலாளியின் கவனக்குறைவு." அதன் கீழே கொளஞ்சிநாதனின் கையெழுத்து. சுழித்து, அடிக்கோடிட்டு.

அப்பா ஒன்பது நாள் இருந்தார். எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நீ சொல்லிட்டுத்தான் வந்த. அந்தாளு மறந்துட்டாரு போலருக்கு. அவர ஒண்ணும் கேக்காத. ஒனக்கு வேல போட்டுக் குடுக்கணும் அவுரு."

அம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிப்பா" என்றேன்.

மெக்கானிக் வேலைக்கான உத்தரவு அப்பாவின் காரியத்தன்று வந்தது. பர்மனென்ட்.

சேர்ந்தேன்.