ஆடி வெயிலில் திறந்த வாய்க்கால்

அப்பா கண்மூடிய வேளையில் ஸ்டுட்கார்ட் மருத்துவமனையில் அம்மாவும் தங்கையும் நானும் அருகில் இருந்தோம். வந்து சேர முடியாமற் போனவர்கள் இருவர். சித்தப்பாவுக்கு ஊரில் விசா கிடைக்கவில்லை. அப்பாவோடு இத்தாலியில் வேலை செய்த யோகன் மாமா, முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து பலெர்மோவில் படுத்திருந்தார்.

அப்பா புன்னாலைக்கட்டுவனில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகக் கொடுத்துவைக்கவில்லை. வாடிய பயிரைக் கண்டால் தண்ணீர் இறைப்பதுதான் அவர் படித்த படிப்பு. போர் துரத்த, எங்களைக் கொழும்பில் விட்டுத் தனியே பலெர்மோ போய்ச் சேர்ந்தார். ரோமர் வருமுன்பே கப்பல் கண்ட பழைய நகரம் அது. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் மலை, நடுவே எலுமிச்சைத் தோட்டங்கள். மாரியில் மழை உண்டு. ஆடியில் ஆபிரிக்காவிலிருந்து அனற்காற்றுத்தான் வரும்.

அங்கே ஒரு வழக்கம். கோடையில் எலுமிச்சை மரங்களுக்கு வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தி, இலை சுருளும்வரை வாடவிடுவார்கள். பிறகு நிறையப் பாய்ச்சினால் மரம் பருவம் தப்பிப் பூக்கும். அந்தக் காய்க்கு மறு கோடையில் நல்ல விலை. வாட்டம் போதுமுன் தண்ணீர் பட்டால் அந்தப் பூ வராது. அப்பாவுக்கு இது தெரியாது. முதல் ஆடியிலேயே, எல்லோரும் மதியம் சாப்பிட்டுத் தூங்கிய நேரம், மரங்கள் பாவமென்று வாய்க்காலைத் திறந்து தோட்டம் முழுவதையும் நனைத்துவிட்டார்.

ஈரத்தைக் கண்டு யோகன் மாமா தலையில் கைவைத்தாராம்.

“அண்ணை, என்ன வேலை பாத்தனீங்கள்! முதலாளி கேட்டால் மழை பெஞ்சதெண்டு சொல்லுங்கோ.”

“ஆடியில இஞ்ச மழையோ? அதுவும் இந்தக் காணிக்கு மட்டும் பெஞ்சதோ?”

“அப்ப வாயைத் திறவாதேங்கோ.”

எங்களை இத்தாலிக்குக் கூப்பிட, அப்பாவுக்கு வேலை உண்டென்று அந்த முதலாளியின் கையெழுத்து வேண்டும். வேலை போனால் அதுவும் போகும். அது தெரிந்தும் அப்பா நேரே போய், தானே திறந்ததாகச் சொன்னார். முதலாளி நெடுநேரம் கத்தினார். யோகன் மாமா மொழிபெயர்த்தது இவ்வளவுதான்:

“கனக்கச் சொல்லுறார், அதை விடுங்கோ. நட்டத்தை நீங்கள் கட்டோணுமாம். கட்டி முடிச்சால் கையெழுத்து வைப்பாராம். நாளைக்கு வேலைக்கு வரட்டாம்.”

கிழமை நாட்களில் தோட்டம், ஞாயிறுகளில் நகரத்துச் சந்தையில் மீன்பெட்டி தூக்குவது என்று அப்பா உழைத்தார். அடுத்த மாரிக்குள் நாங்கள் அவரிடம் போய்விட்டோம். பின்னர் என் படிப்புக்காகவே ஜேர்மனி வந்தோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆளாக இதை நான் எழுதுவது அவருடைய வெற்றி.

நோயில் துணைநின்ற ஸ்டுட்கார்ட் உறவுகளுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், யோகன் மாமாவுக்கும், சொன்னபடி கையெழுத்து வைத்த முதலாளிக்கும் எங்கள் நன்றி. அந்தக் கையெழுத்துக்காக அப்பா கட்டி முடித்தது, அவருடைய இரண்டு மாதக் கூலியான இருபது இலட்சம் லீரா.