சூட்டில் அமுங்கிய சின்னம்

தொண்ணூறுகளின் நடுவில், ஆக்லாந்தின் பாபடோயிட்டோயில் ஒரு போட்டோகாப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். லேமினேட் செய்வது என் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து ஓடியவன் நான். சான்றிதழைக் கண்டாலே பிளாஸ்டிக்குக்குள் அடைத்துவிடக் கை துறுதுறுக்கும். மழையில் மை கரைந்த சான்றிதழ்களோடு எத்தனை பேர் அலைந்தார்கள் என்று கண்ணால் பார்த்தவன்.

ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கத்துக் கணவனும் மனைவியும் வந்தார்கள். கொண்டு வந்தது ஒரே மகனின் பட்டச் சான்றிதழ். கடைசிச் சோதனை எழுதிய வாரமே பிள்ளை கார் விபத்தில் போய்விட்டான். பல்கலைக்கழகம் பட்டத்தைத் தாயின் கையில் கொடுத்திருந்தது.

"தம்பி, வடிவா லேமினேட் பண்ணித் தாரும். பழுதாகக் கூடாது," என்றார் தகப்பன்.

"பயப்பிடாதேங்கோ ஐயா, நூறு வருஷத்துக்கு ஒண்டும் ஆகாது," என்றேன், பெரிய மனிதன் போல.

தாய் தாளின் மேற்பகுதியைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் கையிலிருந்து நான்தான் வாங்கினேன்.

சூடான உருளைகளுக்குள் போன தாள் பளபளவென்று வெளியே வந்தது. தாய் வாங்கி, அதே இடத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, புத்தகம் எங்கை?"

குனிந்து பார்த்தேன். பல்கலைக்கழகச் சின்னம் மையில்லாமல், தாளிலேயே மேடாக எழும்பியிருந்தது; அதை எம்போஸ் என்போம். உருளை அதைத் தட்டையாக்கிவிட்டது.

"எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. யூனிவர்சிட்டிக் கடிதம் ஒண்டிலை பிள்ளை என்ர விரலைப் பிடிச்சுக் காட்டினவன். நடுவிலை திறந்த புத்தகம், படிப்பு முடியிறேல்லை எண்டு அர்த்தமாம். மேலை நட்சத்திரம், இந்தத் தெற்கு வானமாம். கீழை அலை. 'நாங்கள் வந்த கடல் அம்மா' எண்டுவான்."

தகப்பன் சுவரைப் பார்த்து நின்றார்.

உள்ளேயிருந்து வந்த முதலாளி, மதுரைக்காரர், தாளை வாங்கிப் பார்த்தார். "எம்போஸ் இருந்தா ஹாட் ரோலர்ல விடக் கூடாதுன்னு தெரியாதாப்பா?" என்றார். எனக்குத் தெரியாது.

பல்கலைக்கழகத்திடம் கேட்டு வேறு பிரதி எடுத்துத் தருகிறேன் என்று தாயிடம் கெஞ்சினேன்.

"வேண்டாம் தம்பி. மேடையிலை என்ர கையிலை தந்தது இதுதான்."

அவர் என்னை ஏசவேயில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். மெஷினில் விடுமுன் தாளைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டுப்பட்டால் கண்ணாடிச் சட்டம் போடச் சொல்லுங்கள். பேசுகிறவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். தாளைக் கையில் வைத்திருப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அந்த அம்மாவைக் கேட்கவில்லை.