குடை பிடிச்சவரு குரலு

லவுத்தோக்கா டவுன்ல வீடியோ கேசட் வாடகைக்கு விடற கடை ஒண்ணுல ரொம்ப வருஷம் கவுண்டர்ல நின்னேன். வர்றவங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேப்பாங்க. "பாக்க அழகா இருக்குமா?" கதை எப்படின்னு ஒரு ஆள் கேட்டதில்ல. தமிழ்ப் படம் எடுத்துட்டுப் போறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அதுல என்ன பேசறாங்கன்னே தெரியாது. மதராஸ்ல கப்பலேறி இந்தத் தீவுக்குக் கரும்பு வெட்ட வந்த கூலிக்காரங்களோட பேரப்பிள்ளைங்க நாங்க. வீட்டுல இந்தி, ஆபீஸ்ல இங்கிலீஷ், கோயில்ல மட்டும் தமிழ். சேலை அழகா இருக்கணும், பாட்டுல பனிமலை இருக்கணும், அழறவ மூக்க சிந்தாம அழணும். அவங்களுக்கு அது போதும்.

எனக்குத் தமிழ் தெரியும். சின்ன வயசுல சாயங்காலமானா கோயில் வகுப்புக்கு நைனா என்னைப் புடிச்சுத் தள்ளுவாரு. அப்பாவ நாங்க நைனான்னுதான் கூப்பிடுவோம். "மூத்தவ நீ, நாலு தேவாரமாவது பாடத் தெரியணும்"னு சொல்லுவாரு. தங்கச்சி போகமாட்டேன்னு தரையில உருண்டா. சரி போன்னு விட்டுட்டாரு. அவளுக்கு எல்லாத்தையும் விட்டுக் குடுத்தாரு, அது வேற கதை. அதனால வீட்டுல நைனா பேசற தமிழ் எனக்கு முழுசாப் புரியும், அவளுக்கு சாப்பாடு, தண்ணி, போ, வா அளவுக்குத்தான்.

படம் எப்ப அழகா இருக்கும்னு என்கிட்ட ஒரு கணக்கு இருந்துச்சு. தன்னை யாரோ பாக்கறாங்கன்னு தெரிஞ்சு நிக்கறவ அழகா இருக்கவே மாட்டா. தெரியாம இருக்கறவதான் அழகு. கதாநாயகி பவுடர் பூசிக்கிட்டு கண்ணச் சிமிட்டுவா, நமக்குக் கொட்டாவி வரும். பின்னால எவளோ ஒருத்தி தண்ணிக் கொடத்த எடுத்துக்கிட்டு போவா பாருங்க, கண்ணு அவ பின்னாடியே போகும். கடைக்கு வர்றவங்க கிட்ட இத நான் சொன்னா, "அடேயப்பா, பெரிய டைரக்டரு!"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. பண்ணிட்டுப் போகட்டும். இத நான் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் படிக்கல. என் வாழ்க்கையில மண்ணு விழுந்தப்போ அதுக்கு நானே கண்டுபிடிச்சுக்கிட்ட சமாதானம் அது.

முதல் கூ நடந்த வருஷம். பட்டாளத்துக்காரங்க துப்பாக்கியோட பார்லிமெண்டுக்குள்ள பூந்து ஆட்சியப் புடிச்சாங்களே, அதத்தான் இங்க எல்லாரும் கூன்னு சொல்லுவோம். ட்ராசாவுல கரும்புத் தோட்டத்து நடுவுல எங்க தகர வீடு. கூரை மேல கல்லு விழுந்துச்சு. ரோட்டுல செக்போஸ்ட் போட்டு பஸ்ஸ நிறுத்தி, பொம்பளைங்க பையக் கூடக் கொட்டிப் பாத்தாங்க. நிலமும் நம்மது இல்ல, குத்தகை. அது முடிஞ்சா நடுத்தெரு. காலு இருக்கறவன் எல்லாம் சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர்னு கெளம்பிட்டான். எனக்கும் போகணும். இதுல வெட்கப்பட என்ன இருக்கு? சோத்துல கைய வெச்சாலும் அதே நெனப்பு, தலை சீவினாலும் அதே நெனப்பு. எங்க மாதிரிக் குடும்பத்துப் பொண்ணுக்கு வெளிய போக ஒரே வாசல்தான் இருந்துச்சு, கல்யாணம்.

அந்த நேரத்துல சிட்னியில வேலை பாக்கறான்னு சொல்லிட்டா, எந்த மூஞ்சிக்கும் இங்க ரத்தினக் கம்பளம்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வரமாட்டாங்க, பயம். கேசட் அனுப்புங்கன்னு சொல்லிடுவாங்க. பொண்ணு நடக்கணும், சிரிக்கணும், தட்டுல சர்பத் எடுத்துட்டு வரணும். அவங்க அங்க சோபாவுல உக்காந்து, நிறுத்தி, திருப்பி, மறுபடியும் ஓட்டிப் பாப்பாங்க. மாட்டுச் சந்தையில பல்லப் புடிச்சுப் பாக்கறவனாவது நேர்ல வருவான்.

எங்களுக்கும் அப்படி ஒரு சிட்னி வரன் வந்துச்சு. மூத்தவளுக்குன்னுதான் பேச்சு. வீடியோ எடுக்க வந்தவரு கோயில் கமிட்டியில நைனாவோட கூட்டாளி, கல்யாணம், தீமிதி எல்லாத்தையும் அவருதான் எடுப்பாரு. நாங்க மாமான்னு கூப்பிடுவோம். அவரும் நைனாவும் யங்கோனா, அந்த வேர இடிச்சுக் கரைச்ச போதைத் தண்ணி, குடிக்க உக்காந்தா தமிழ்லதான் பேசிக்குவாங்க. தோள் மேல வெச்சுக்கற பெரிய கேமரா அவருது. வெயில் பட்டா கெட்டுப்போகும்னு நைனா அவர் பின்னாலேயே ஒட்டி நின்னு குடை புடிச்சாரு. பொண்ணுக்காக இந்த மனுஷன் எவ்வளவு பாடுபடறாருன்னு எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. தூ!

அம்மாவோட பட்டுச் சேலை, பெரியம்மா கிட்ட இரவல் வாங்கின அட்டிகை, கழுத்து வேற கலரு மொகம் வேற கலருன்னு தெரியற அளவுக்குப் பவுடர். மாமரத்தடியில இருந்து வாசல் வரைக்கும் தட்டோட நடந்தேன். மறுபடியும் நடன்னாங்க, நடந்தேன். நில்லு, சிரின்னு மாமா கத்தினாரு. சிரிச்சேன். கன்னம் வலிக்க வலிக்க சிரிச்சேன். கேமராவோட கண்ணாடி என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. காத்துல கரும்புச் சோகை சலசலன்னு அடிக்குது, அவங்க ரெண்டு பேரும் அங்க என்ன பேசிக்கறாங்கன்னு எனக்குக் கேக்கல. தங்கச்சிய பின்னால இருக்கச் சொல்லியிருந்தாங்க. அவ கிழிஞ்ச பிராக்கப் போட்டுக்கிட்டு காளைக்குப் புல்லு போட்டுக்கிட்டு இருந்தா. காளை கயித்த அறுத்துக்கிட்டு ஓடுச்சு. அவ பின்னாலேயே ஓடி, வழுக்கி சேத்துல விழுந்து, எழுந்து உக்காந்து கெக்கெக்கேன்னு சிரிச்சா. அதெல்லாம் அப்புறம் அவ சொல்லித்தான் தெரியும், நான் திரும்பிக் கூடப் பாக்கல. திரும்பினா படம் கெட்டுப் போயிடுமே!

ஒரு மாசம் போல ஆச்சு. ரோட்டோரக் கடையில போன் வந்துச்சுன்னு நைனா போனாரு. திரும்பி வந்து கால் கழுவாமலே உக்காந்தாரு. "அந்தக் காளை பின்னாடி ஓடுச்சே, அந்தப் பொண்ணுதான் வேணுமாம்"னாரு. அம்மா கையில இருந்த கரண்டிய அப்படியே வெச்சுட்டா. "அக்கா நிக்கறப்போ தங்கச்சிக்கா? ஊரு சிரிக்காதா?"ன்னு கேட்டா. நைனா என்னைப் பாத்து, "நாம என்னம்மா பண்றது, அவங்க கண்ணுல அவ பட்டுட்டா. எல்லாம் தலையெழுத்து"ன்னு சொல்லி மேல்துண்டால கண்ணத் தொடச்சாரு. நானே அவருக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தேன்.

தங்கச்சி என் கால்ல விழுந்து, "அக்கா, நான் மாட்டேன்னு சொல்லிடட்டுமா?"ன்னு அழுதா. போடி பைத்தியம்னேன். அவ கல்யாணத்துக்கு நான்தான் தலை பின்னினேன். நாந்தி ஏர்போர்ட்டுல அவ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போறப்போ நைனா என் தோளப் புடிச்சு, "சின்னவ போயிட்டா, இனி நம்ம எல்லாரையும் கூப்பிட்டுக்குவா, அடுத்தது நீதான்"னாரு. நானும் நம்பினேன்.

யாரும் கூப்பிடல. அவ புருஷன் ஒத்துக்கணும், பேப்பர் போடணும், அது நொண்டி நொண்டிப் போச்சு. அம்மா போய்ச் சேர்ந்தா. எனக்கு உள்ளூருல ரெண்டு வரன் வந்துச்சு. ஒருத்தன் ரக்கிரக்கி கரும்புக்காரன், ஒருத்தன் நவுசோரியில தையல்காரன். "இவனுக்கா என் பொண்ணக் குடுக்கறது? சிட்னிக்குப் போகப்போறவ"ன்னு நைனா தட்டிக் கழிச்சாரு. நான் பகல்ல கேசட் கடை, வந்தா அடுப்பு. மனசு கொதிக்கறப்போ எல்லாம் அந்தக் கணக்கச் சொல்லித்தான் ஆத்திக்குவேன். யாரு மேலயும் தப்பில்ல, கேமராவுக்குத் தெரியாம இருந்தவ அழகாத் தெரிஞ்சா, தெரிஞ்சு நின்னவ தெரியல, அவ்வளவுதான். இத நம்பித்தான் நான் பைத்தியம் புடிக்காம இருந்தேன்.

கடைசியில பேப்பர் ஒரு வழியா வர்ற நேரத்துல நைனாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. ஒரு கை, ஒரு காலு விழுந்துடுச்சு. வாய் கோணினாலும் பேச்சு இருந்துச்சு. இப்படிப்பட்ட ஆள அந்த நாட்டுல சேத்துக்க மாட்டாங்களாம். அவர விட்டுட்டு நான் எப்படிப் போறது? ஊரு காறித் துப்பாதா? அவருக்குப் பீ மூத்திரம் எடுக்கறதுக்குன்னு கடை வேலையயும் விட்டேன்.

அப்புறம் இன்னொரு கூ வந்துச்சு. துப்பாக்கிக்காரங்க பார்லிமெண்டுல ஆளுங்களப் புடிச்சு வெச்சாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க மாட்ட வித்துட்டு ஓடினாங்க. அந்த வருஷம் சிட்னியில இருந்து வந்த ஒருத்தர் கையில தங்கச்சி அந்தக் கேசட்டக் குடுத்து அனுப்பினா. போன்ல இந்தியில குதிச்சா. "அக்கா, வீடு மாத்தறப்போ கெடைச்சுது! நம்ம வீடு, மாமரம், காளை எல்லாம் இருக்குது. நைனா குரல் கூட இருக்குது, எவ்வளவு தெளிவா! என் பசங்களுக்கு அந்தக் குரல்னா உயிரு. ஆனா தமிழ்ல பேசறாரு, இங்க ஒருத்தருக்கும் புரியல. அவருக்கும் போட்டுக் காட்டு, என்ன சொல்றாருன்னு கேட்டு எனக்குச் சொல்லு."

மத்தியானம் கஞ்சி ஊட்டிட்டு, நைனாவத் தலகாணியில சாச்சு உக்கார வெச்சு, கேசட்டப் போட்டேன்.

ஒண்ணு சொல்றேன், கேசட் கடையில நின்ன எனக்கே அன்னைக்குத்தான் உறைச்சுது. கேமராவுல இருக்கற மைக்குக்கு, முன்னால நிக்கறவங்க பேசறது தூரம். பின்னால நிக்கறவங்க குசுகுசுன்னு பேசினாலும் பக்கத்துல பேசற மாதிரிக் கேக்கும். நான் படத்துல வாயத் தொறந்து சிரிக்கிறேன், ஒரு சத்தமும் இல்ல. நைனா குரல் மட்டும் வீடு பூராக் கேட்டுச்சு.

"பெரியவ கெடக்கட்டும்யா. சின்னவளப் புடி. அதோ, மாட்டுக்கிட்ட."

"அப்ப பெரியவளுக்குன்னு சொன்னியே?"ன்னு மாமா கேக்கறாரு.

"அவ போயிட்டா வயசான காலத்துல எங்களுக்கு யாரு ஆக்கிப் போடறது? சும்மா நடந்துட்டுப் போகட்டும், மனசு நோவாம இருக்கும். சின்னவள கிட்டக்கப் புடி. அழகாப் புடி."

கேமரா என்னத் தாண்டிப் போகுது. என் தோளும் தட்டும் ஓரத்துல மங்கலாத் தெரியுது, எவளோ வழிய மறைச்சுக்கிட்டு நிக்கற மாதிரி. அந்தப் பக்கம் தங்கச்சி சேத்துல உக்காந்து சிரிக்கறா, ஒவ்வொரு பல்லும் தெளிவா, மயிரு காத்துல பறக்க. ஐயோ, அழகுன்னா அப்படி ஒரு அழகு! பொய் சொல்லமாட்டேன், நான் கடையில வெச்சிருந்த எந்தப் படத்துலயும் அவ்வளவு அழகான ஒரு இடம் கெடையாது. என் கணக்கெல்லாம் சுத்தக் குப்பை. அழகு தானா வந்து படத்துல விழலை. ஒருத்தரு பின்னால குடையப் புடிச்சுக்கிட்டு நின்னு, யாரு இருக்கணும், யாரு இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.

திரும்பிப் பாத்தேன். நைனாவோட நல்ல கண்ணு டிவிய விட்டு என் மேல வந்துச்சு. "சத்தத்தக் கொறம்மா"ன்னாரு. மன்னிச்சுடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? சொல்லியிருந்தா என்ன, போன வயசு வந்துடுமா? நான் கேசட்டப் பின்னால ஓட்டி மறுபடியும் போட்டேன்.

ஞாயித்துக்கிழமை தங்கச்சி போன் பண்ணினா. "நைனா என்ன சொல்றாரு அக்கா?" போன் அவரு கட்டில் பக்கத்துலயே இருந்துச்சு. அவரு கண்ண அகல விரிச்சு என்னையே பாத்தாரு. "ரெண்டு பொண்ணும் எனக்கு ரெண்டு கண்ணு, ரெண்டு பேரையும் அழகா எடுன்னு சொல்றாருடி"ன்னேன். அவ போன்லயே ஓன்னு அழுதா. நைனா மூச்ச விட்டாரு. தப்பிச்சுட்டோம்னு நெனச்சாரு போல.

அடுத்த நாளும் கஞ்சி ஊட்டினேன், வாயத் தொடச்சேன், துணி மாத்தினேன், கேசட்டப் போட்டேன். அதுக்கு அடுத்த நாளும். எந்த வேலையிலயும் ஒரு கொறை வெக்கல. வந்து பாக்கறவங்க எல்லாம், "இப்படி ஒரு பொண்ணு கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்யா"ன்னு அவரு கையப் புடிச்சுச் சொல்லிட்டுப் போவாங்க. அவரால எழுந்து போய் டிவிய அணைக்க முடியாது. கண்ண மூடிக்குவாரு. காத மூட ஒரு கைதான் இருந்துச்சு.

உயிரு போற வரைக்கும் தினம் அதே வார்த்தைதான் சொன்னாரு. "சத்தத்தக் கொறம்மா."

"சத்தம் இல்லாம படம் பாக்கறதுல என்ன அழகு நைனா?"ன்னு கேட்டுட்டு, இன்னும் கொஞ்சம் கூட்டி வெப்பேன்.