செக்போஸ்ட்டில் நின்ற கடல் தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில், ஒரு கத்திரி வெயில் காலத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் திருத்தணியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி மூன்றாவது வருஷம். குழந்தை இல்லை. வீட்டில் ஒரு கடல் இருந்தது.

மெட்ராஸில் யார் வீட்டிலோ கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம ஊட்லயும் வைக்கணும்" என்று ஆரம்பித்தார். இரும்புச் சட்டம் உப்பில் துருப்பிடிக்கும் என்று சட்டமே இல்லாமல் கண்ணாடிகளைப் பசையால் ஒட்டினார். பழைய ரேடியோ சாமான்களை வைத்துக் காற்று ஊதும் மோட்டார் ஒன்றும் செய்தார். கோவளம் பக்கம் ஒரு மீனவர் பாறை இடுக்கிலிருந்து எடுத்துத் தந்த கல் ஒன்றும், கோடு போட்ட இரண்டு சின்ன மீன்களும் வந்து சேர்ந்தன. அந்தக் கல்லின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் பவள உயிர்கள் ஒட்டியிருந்தன. காலையில் ஜன்னல் வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக விரியும். பச்சை நடு, பழுப்பு ஓரம். பார்க்கிறவர்கள் பூ என்றுதான் நினைப்பார்கள்.

தொட்டியைச் செய்ததோடு அவர் வேலை முடிந்தது. தண்ணீரைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. பி.யூ.சி.யில் கெமிஸ்ட்ரி படித்தவள் நான்தானே. வெயிலில் தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது. அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பால்காரர்கள் பாலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் லாக்டோமீட்டரை வாங்கி, முதல் நாள் கடல் தண்ணீரில் அது நின்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். கோடு மேலே வந்தால் உப்பு அதிகம், மூழ்கினால் குறைவு. பவளத்துக்குச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, மேலாக இருக்கும் தண்ணீரைக் காலையில் சொட்டுச் சொட்டாக விடுவேன். அது கொஞ்சம் அதிகமானாலும் தொட்டியே பால் மாதிரி வெளுத்துப் போகும். உப்புமாவுக்கு உப்புப் போட மறந்தாலும் மறப்பேன், இதை மறக்க மாட்டேன்.

அந்தக் கத்திரியில் ஒரு நாள் சாயந்திரம் போன கரண்ட் விடியும்வரை வரவில்லை. மோட்டார் நின்றுவிட்டது. கையால் தண்ணீரை அளைந்துகொண்டே இருந்தோம். காலையில் பார்த்தால் ஒரு மீன் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது, இன்னொன்றைக் காணவில்லை. தண்ணீர் கலங்கி நாற்றம் அடித்தது. கல்லில் இருந்த பவளப் பொத்தான்கள் எல்லாம் இறுக மூடிக்கொண்டிருந்தன. பாதித் தண்ணீரையாவது மாற்றாவிட்டால் எல்லாம் போய்விடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் கேன்களை எடுத்துக்கொண்டு இருவரும் கிடைத்த முதல் ரயிலில் மெட்ராஸுக்குப் போனோம். கரையோரத் தண்ணீர் அழுக்கு என்று ஒரு கட்டுமரக்காரரிடம் கெஞ்சி, உள்ளே போய் மொண்டுவரச் செய்தோம்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அதுதான் வினையாகப் போயிற்று. முந்தின ராத்திரி கண் மூடாத அசதியில் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். முழித்துப் பார்த்தால் வெளியே தெலுங்குப் பலகை. திருத்தணியைத் தாண்டி ஆந்திராவில் இருக்கும் நகரி!

கேன்களோடு இறங்கி, திருத்தணி பஸ்ஸைப் பிடித்தோம். மாநில எல்லையில், பொன்பாடி செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. ஆந்திராவிலிருந்து வரும் பஸ்ஸில், சீட்டுக்கு அடியில் மூடிபோட்ட நான்கு கேன்கள்.

ஏறிய ஏட்டு நல்ல உயரம், நரைத்த மீசை. கேனைக் காலால் தட்டினார்.

"இன்னா இது?"

"கடல் தண்ணிங்க, ஏட்டய்யா" என்றார் என் வீட்டுக்காரர்.

பஸ்ஸே சிரித்தது. ஏட்டு சிரிக்கவில்லை. "கடல் அந்தாண்ட மெட்ராஸ்ல கீது. நீ இந்தாண்ட நகரிலேர்ந்து வர்ற. யார் கிட்ட கதை வுடற?"

தூங்கிப்போன கதையைச் சொன்னோம். சொல்லச் சொல்ல எங்களுக்கே அது பொய் மாதிரி இருந்தது. எதற்குக் கடல் தண்ணீர் என்று கேட்டதும் இவர் அவசரப்பட்டு, "பவளத்துக்குங்க, ஊட்ல வளக்கறோம்" என்று சொல்லிவிட்டார். ஏட்டின் முகம் மாறியது. சாராயக் கடத்தலோடு பவளக் கடத்தலும் சேர்ந்துகொண்டது.

கேன்களோடு எங்களை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. ஏட்டு ஒரு மூடியைத் திறந்து முகர்ந்தார், விரலை விட்டு நாக்கில் வைத்தார், தூவென்று துப்பினார். ஆனாலும் விடவில்லை. "மேல உப்புத் தண்ணி, அடியில இன்னா வெச்சுக்கீறயோ. இன்ஸ்பெக்டர் வரட்டும். அவர் முன்னால கொட்டிப் பாத்துடலாம்."

கொட்டினால் திரும்ப மெட்ராஸ் போக வேண்டும். அதற்குள் வீட்டில் ஒன்றும் மிஞ்சாது. இவர் கெஞ்சிப் பார்த்தார், கோபப்பட்டும் பார்த்தார். கேன்கள் வெயிலில் இருந்தன, அதுதான் என் கண்ணில் பட்டது. தண்ணீர் சூடானால் அதை ஊற்றியும் பிரயோஜனமில்லை. ஒவ்வொன்றாகப் புளியமரத்து நிழலுக்கு இழுத்துப் போனேன். ரோட்டோரக் குழாயில் துண்டை நனைத்து மேலே போர்த்தினேன். காய்ந்ததும் எடுத்து மறுபடி நனைத்தேன். என்னையும் அறியாமல் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

ஏட்டு ஸ்டூலில் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தார்.

"யம்மா, நானும் எத்தினியோ கேன் புடிச்சிக்கீறேன். கேனுக்குக் காய்ச்சல் வந்தா மாதிரி ஈரத்துணி போட்டு யாரும் பாத்ததில்ல. நெசமாவே ஊட்ல இன்னாமா கீது?"

சொன்னேன். கல், பொத்தான், கரண்ட் போனது, காணாமல்போன மீன், எல்லாம். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கூட இருந்த போலீஸ்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, திருத்தணி பக்கம் போன ஒரு காலி லாரியைக் கை காட்டி நிறுத்தினார். கேன்களை அவரே ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார். தானும் ஏறினார்.

"எனக்கு டூட்டி முடியிற நேரம்தான். உங்க ஊட்டுக்கு வரேன். பொய்னு தெரிஞ்சுது, அங்கேயே புடிச்சிடுவேன்."

போலீஸோடு நாங்கள் லாரியிலிருந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. உள்ளே ஓடினேன். ஒரு மீன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பொத்தான்கள் சுருங்கி, கல் வெறும் கல்லாக இருந்தது. தொட்டியின் முன்னால் வந்து நின்ற ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

மீனையும் கல்லையும் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினேன். கல்லுக்குப் பின்னால், நினைத்தபடியே, காணாமல்போன மீன் செத்துக் கிடந்தது. கலங்கிய தண்ணீரை மொண்டு வெளியே கொட்ட ஆரம்பித்தோம். நானும் ஒரு கை கொடுக்கிறேன் என்று ஏட்டு திரும்பி, அடுப்படி வாசலில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்துத் தொட்டிக்குள் விடப் போனார்.

"பித்தளை வேணாம்! கைய எடுங்க!" என்று கத்திவிட்டேன்.

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. பித்தளையில் இருக்கும் தாமிரம் கொஞ்சம் கலந்தாலும் இந்த உயிர்களுக்கு விஷம் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். ஏட்டு செம்பைத் தரையில் வைத்துவிட்டு, "ஆங், தெரியாம பூட்டுது. பிளாஸ்டிக் மக்கு இருந்தா குடும்மா" என்றார். காக்கிப் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். அவர் மொண்டு கொடுக்க, இவர் கொட்டினார். கேனுக்கும் தொட்டிக்கும் சூடு ஒன்றாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்து, புதுத் தண்ணீரை நான் மெதுவாக ஊற்றினேன். லாக்டோமீட்டரை மிதக்கவிட்டதும் மூன்று தலைகள் அதன் மேல் குனிந்தன. கோடு தண்ணீர் மட்டத்துக்கு மேலே நின்றது. நல்ல தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். கோடு இறங்கி இறங்கி, சரியான இடத்தில் வந்து நின்றபோது, "நின்னுச்சு!" என்று முதலில் சொன்னவர் ஏட்டுதான்.

கல்லைத் திரும்ப வைத்தோம். ஒன்றும் விரியவில்லை. பொழைத்தால் நாளைக்குத்தான் தெரியும் என்றேன். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், வேட்டி சட்டையில் வாசலில் நிற்கிறார். "உசிரோட கீதா, பூட்டுதா?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்கும் தெரியாது. பார்க்கப் பயந்துகொண்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்று பேரும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். ஜன்னல் வெயில் அப்போதுதான் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லின் ஓரத்தில் ஒரு பொத்தான் விரிந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"இது பூவாம்மா, பூச்சியா?"

"பூச்சிங்க. உசிரு."

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு கேஸ் விஷயமாக அவர் மெட்ராஸ் கோர்ட்டுக்குப் போகும்போதெல்லாம், திரும்பும் ரயிலில் எங்களுக்கு ஒரு கேன் கடல் தண்ணீர் வரும். ரயிலில் தூங்கவே மாட்டாராம், சொல்லிச் சிரிப்பார். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை அந்தக் கல்லில் பொத்தான்கள் பெருகிக்கொண்டே இருந்தன.

எங்களை அன்றைக்குச் சந்தேகப்பட்டது அவர் வேலை. அதில் எனக்கு வருத்தமே இல்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர் ஒருவர்தான் நேரில் வந்து பார்த்தார். அதனால்தான் இன்றைக்கும் யாராவது நம்ப முடியாத விஷயம் ஒன்றைச் சொன்னால், எனக்குச் சிரிக்கத் தோன்றுவதில்லை. "உங்கள் வீடு எங்கே? ஒரு நாள் வந்து பார்க்கலாமா?" என்று கேட்கத்தான் தோன்றுகிறது.